பதினோரு ரூபாய்ச் சிப்பாய்

முதல் உலக மகா யுத்தம் என்றதும் நம் குடும்பங்களில் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது ‘எம்டன்’ ஒன்றுதான். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதும், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததும், ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டுக் கிளம்பியதும் வாய்வழிக் கதையாகவே வந்து சேர்ந்தன. கெட்டிக்காரனைப் பார்த்து “அவன் சரியான எம்டன்” என்று இன்றும் சொல்கிறோம்.

அதற்கு நாலு நாள் கழித்து, செப்டம்பர் 26-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்தின் மார்செய் துறைமுகத்தில் லாகூர் டிவிஷனைச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். அன்று தொடங்கி நான்கு வருஷங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து சென்றார்கள். சுமார் 74,000 பேர் திரும்பி வரவில்லை. ஒரே இரவு வந்து போன கப்பலை நாம் மறக்கவில்லை. இவர்களை மறந்துவிட்டோம்.

நான் ராணுவ வீரன் அல்லன். ராணுவக் கணக்குத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். நம்மவர்கள் பலர் அந்தத் துறையில் இருந்திருக்கிறார்கள் என்பதால் இதைப் படிக்கும் சிலருக்கு நான் சொல்வது உடனே புரியும். கணக்குப் புத்தகத்தில் ஒரு சிப்பாயின் ஜன்மம் முழுவதும் சில வரிகளில் அடங்கிவிடும்: சேர்ந்த தேதி, சம்பளம், பிடித்தம், பென்ஷன், பிறகு குடும்ப பென்ஷன். அந்த வரிகளுக்கு நடுவே இருந்த மனிதன் யார் என்ற கேள்வி, ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. அந்த ஆர்வத்தில் படித்துத் தெரிந்துகொண்டவற்றை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

புறப்படுவதற்கு முன்

1914-ல் ஒரு சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். சாப்பாட்டுச் செலவிலும் உடுப்புச் செலவிலும் ஒரு பகுதி அதிலிருந்தே போய்விடும். இலவச ரேஷன் என்பது யுத்தம் முற்றிய பிறகு, 1917-ல்தான் வந்தது. இருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். பஞ்சாபிலும் கடுவாலிலும் சிறு நிலத்தை நாலு சகோதரர்கள் பங்கு போட்டுக்கொண்ட குடும்பங்களில், ஒரு பிள்ளையின் ராணுவச் சம்பளம்தான் கடன்காரனுக்குப் பதில் சொன்னது. தகப்பனாரும் தாத்தாவும் இருந்த ரெஜிமெண்டில் சேர்வது குடும்ப வழக்கமாகவும் இருந்தது. ‘இஸ்ஸத்’ என்று அவர்கள் சொல்லும் மானம் இன்னொரு காரணம். மன்னருக்காக உயிரை விட வேண்டும் என்று கிளம்பியவர்களை விட, வீட்டு நிலைமைக்காகக் கிளம்பியவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

அப்போது சென்னை மாகாணத்தில் ஆள் சேர்ப்பு மிகவும் குறைந்திருந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்து, பின்னால் இந்தியா முழுமைக்கும் பிரதம தளபதியான லார்ட் ராபர்ட்ஸ், தென்னாட்டவருக்குப் போர்க்குணம் மங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். ‘போர்க்குடிகள்’ என்று சில ஜாதிகளையும் பிரதேசங்களையும் மட்டும் பிரித்து எடுக்கும் கொள்கை அவர் காலத்தில்தான் வலுப்பெற்றது. கர்நாடக யுத்தங்கள் தொடங்கி ஆங்கிலேயருக்கு ராஜ்யம் பிடித்துக் கொடுத்த சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னை சாப்பர்-மைனர்களும் பயனியர்களும் மட்டும் பெயரைக் காப்பாற்றி வந்தார்கள். முள்கம்பி வேலியைத் தகர்க்க உலகப் படைகள் பயன்படுத்திய ‘பெங்களூர் டார்ப்பிடோ’ 1912-ல் அந்தச் சாப்பர்களிடமிருந்து வந்ததுதான். யுத்தம் நீண்டு ஆள் பஞ்சம் வந்ததும் கொள்கை காற்றில் பறந்தது. சென்னை மாகாணத்திலிருந்தும் ஏறக்குறைய 50,000 பேர் போர்ப்படையில் சேர்க்கப்பட்டார்கள்.

நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திராத ஒரு செய்தி. அன்றைய இந்திய ராணுவத்தில் ‘1-ஆவது பிராமணர்’, ‘3-ஆவது பிராமணர்’ என்ற பெயரிலேயே இரண்டு காலாட்படைகள் இருந்தன. கங்கைச் சமவெளியைச் சேர்ந்த, தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த பிராமணர்கள் அவற்றில் இருந்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு, 1931-க்குள் இரண்டும் கலைக்கப்பட்டுவிட்டன. போர்க்குணம் ஒரு ஜாதியின் சொத்து என்பதும், படிப்பு இன்னொரு ஜாதியின் சொத்து என்பதும் அதிகாரிகள் தங்கள் சௌகரியத்துக்குப் போட்ட கணக்கே என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

குளிரும் சேறும்

மார்செயில் பூமாலையும் கைதட்டலுமாக வரவேற்பு நடந்தது. அங்கேயே பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புதிய மாதிரித் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். உடம்பில் இருந்ததோ பருத்திக் காக்கி உடுப்பு. கனத்த குளிர்கால உடைகள் எல்லோருக்கும் வந்து சேருமுன் நவம்பர் பிறந்துவிட்டது. அக்டோபர் கடைசியிலேயே பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கு அருகே அவர்களை முனையில் நிறுத்தினார்கள். நம் பாரதியார் பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே மண்ணில் ஹாலபெக் என்ற கிராமத்தில், அக்டோபர் 31-ஆம் தேதி, பலூச்சிப் படையின் சிப்பாய் குதாதாத் கான், உடனிருந்த இயந்திரத் துப்பாக்கிக்காரர்கள் அனைவரும் மாண்ட பிறகும் காயத்துடன் சுட்டுக்கொண்டிருந்தார். இந்தியச் சிப்பாய் ஒருவருக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அவருடையது.

பதக்கம் பெற்றவர்களை விட்டுச் சாதாரணச் சிப்பாயைப் பார்ப்போம். முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் பதுங்கு குழியில் அவன் நாள் கணக்காக நின்றான். எதிரியிடம் கைக்குண்டுகள் இருந்தன. இவர்களிடம் இல்லாததால் சாப்பர்கள் காலி ஜாம் டப்பாக்களில் வெடிமருந்தை அடைத்துக் கொடுத்தார்கள். அவனுடைய பாஷை தெரிந்த வெள்ளை அதிகாரிகள் ஒரு பட்டாளத்தில் பன்னிரண்டு பேர் சுமாருக்குத்தான் இருப்பார்கள். முதல் சில வாரங்களிலேயே அவர்களில் பலர் மாண்டு போக, முகம் தெரியாத, பாஷை தெரியாத அதிகாரியின் கீழ் அவன் போரிட வேண்டியதாயிற்று. 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நவ் ஷாப்பெல் போரில், தாக்கிய படையில் சரிபாதி இந்தியர்கள். மூன்றே நாட்களில் மாண்டவரும் காயமுற்றவருமாக இந்தியப் படைக்கு 4,000-க்கு மேல் சேதம்.

தபாலில் போன மிளகு

இந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்த தோழனிடம் சொல்லி எழுதச் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். 1915 மார்ச் வாக்கில் வாரத்துக்குப் பத்தாயிரம் கடிதங்களுக்குக் குறையாமல் பிரான்சிலிருந்து கிளம்பின. கேப்டன் ஹவல் என்பவரின் கீழ் ஒரு தணிக்கை அலுவலகம் அவற்றைப் படித்து, முக்கியப் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பியது. மூலக் கடிதங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. அந்தத் தணிக்கை அறிக்கைகள் மட்டும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கண்காணிக்க எடுத்த நகல்தான் இன்று அவன் குரலாக நமக்குக் கிடைக்கிறது.

தணிக்கைக்காரனை ஏமாற்றவும் வழி கண்டுபிடித்தார்கள். ‘கருமிளகு’ என்றால் இந்தியச் சிப்பாய். ‘சிவப்பு மிளகு’ என்றால் வெள்ளைச் சிப்பாய். கருமிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஒருவன் எழுதினால், ஊரிலிருப்பவன் அதைப் பலசரக்குச் செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டான். தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாதே என்று அர்த்தம்!

மற்றக் கடிதங்களில் அவர்கள் கேட்டவை நிலத் தகராறு என்னாயிற்று, எருமை கன்று போட்டதா, பணம் வந்து சேர்ந்ததா, பெண்ணுக்கு வரன் பார்த்தாயிற்றா என்பவைதான். வேறொரு விஷயமும் அங்கங்கே வருகிறது. பிரான்சில் பெண்கள் படித்திருப்பதையும், ஆண்கள் போர்முனைக்குப் போனபின் பண்ணையை அவர்களே நடத்துவதையும் பார்த்துவிட்டு, நம் பெண்களையும் படிக்க வையுங்கள் என்று எழுதியவர்கள் உண்டு. சண்டைக்குப் போன குடியானவன் வீட்டுக்கு இப்படி எழுதியதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

சிப்பாய்களின் பெரிய மனக்குறை ஒன்று இருந்தது. காயம்பட்டுக் குணமானவர்களை ஊருக்கு அனுப்பாமல் மறுபடியும் முனைக்கே அனுப்பினார்கள். ஒரு முறை ரத்தம் சிந்தியாயிற்று, கொடுத்த வாக்கு தீர்ந்தது என்பது அவர்கள் நியாயம். 1915 ஆகஸ்டில் பிரைட்டன் நகரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கையால் விக்டோரியா கிராஸ் பெற்ற ஜமேதார் மீர் தஸ்த், தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. காயம்பட்டவர்களைத் திரும்ப முனைக்கு அனுப்ப வேண்டாம் என்றுதான் மன்னரிடம் கேட்டுக்கொண்டார். அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை.

ஒன்பது சமையலறைகள்

பிரைட்டனில் இருந்த பழைய அரண்மனை ஒன்றை 1914 டிசம்பரில் இந்திய ஆஸ்பத்திரியாக்கினார்கள். அங்கே ஒன்பது தனித்தனிச் சமையலறைகள்; இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். சிப்பாய்களின் ஆசாரத்தில் கை வைத்தால் 1857 திரும்பிவிடுமோ என்ற பயமும், இங்கே ராஜோபசாரம் நடக்கிறது என்று ஊருக்குச் செய்தி போக வேண்டும் என்ற கணக்கும் அதில் கலந்திருந்தன. மாண்ட 53 இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே பாச்சம் என்ற இடத்துக் குன்றின் மேல் அவரவர் முறைப்படி தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921 பிப்ரவரி 1-ஆம் தேதி ஒரு வெள்ளைச் சலவைக்கல் சத்ரி திறக்கப்பட்டது. அதில் தகனமானவர்களின் பெயர்கள் இல்லை. 53 பெயர்களையும் பொறித்த கல் அதன் அருகே வைக்கப்பட்டது 2010-ல்தான்.

இதே இடத்தில் இன்னொரு மரணத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இந்தியர்களுக்கென இருந்த லேடி ஹார்டிஞ்ச் ஆஸ்பத்திரியில் பரேலியைச் சேர்ந்த சூக்கா என்ற துப்புரவுத் தொழிலாளி 1915 ஜனவரியில் காலமானார். தீண்டத்தகாதவர் என்று அவரைத் தகனம் செய்ய இந்துக்கள் சம்மதிக்கவில்லை. முஸ்லிம்கள் தங்கள் இடத்தில் அடக்கம் செய்யவும் இசையவில்லை. கடைசியில் அவ்வூர்ப் பாதிரியார் தம் தேவாலயத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். ஊர்க்காரர்கள் பணம் போட்டுக் கல் நட்டார்கள். ஒன்பது சமையலறைகளைப் பற்றிப் படிக்கும்போது நம்மில் பலருக்கு ஒரு திருப்தி உண்டாகலாம். சூக்காவின் கல்லையும் சேர்த்துப் படித்தால்தான் சரித்திரம் முழுமையாகும்.

பாக்தாத் பாதையில்

1915 கடைசியில் இந்தியக் காலாட்படை பிரான்சிலிருந்து கிளம்பியது. பிரான்ஸும் பெல்ஜியமும் சென்றவர்கள் மொத்தம் சுமார் 1,40,000. மெசபடேமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்குச் சென்றவர்களோ சுமார் ஆறு லட்சம் பேர். உண்மையில் நம் சிப்பாயின் யுத்தம் அங்கேதான் நடந்தது. 1915 நவம்பரில் பாக்தாதை நெருங்கித் தோற்றுப் பின்வாங்கியபோது, காயம்பட்டவர்கள் நாள் கணக்கில் திறந்த படகுகளில் கவனிப்பாரின்றிக் கிடந்தார்கள். 1917-ல் வெளியான விசாரணைக் கமிஷன் அறிக்கையால் இந்திய மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின் ராஜினாமா செய்யும்படி ஆயிற்று.

பின்வாங்கிய படை கூட் நகரில் அகப்பட்டுக்கொண்டது. 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை முற்றுகை. தானியம் தீர்ந்து குதிரைகளை வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலோர் அந்த மாமிசத்தைத் தொட மறுத்தார்கள். மதத் தலைவர்களிடமிருந்து அனுமதி வாங்கிக் கம்பியில்லாத் தந்தியில் வரவழைத்தும், கடைசி வாரங்கள் வரை பலர் இசையவில்லை. ஸ்கர்வி நோயில் துவண்டார்கள். சரணடைந்த சுமார் 13,000 பேரில் பெரும்பகுதி இந்தியர்கள். பாலைவனத்தில் நடத்தியே அழைத்துச் செல்லப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வழியிலும் முகாம்களிலும் இறந்தார்கள்.

அப்படிச் சிறைப்பட்டவர்களில் ஒருவர் வங்காள ஆம்புலன்ஸ் படையின் சிசிர் சர்வாதிகாரி. தாம் எழுதிய குறிப்புகளைக் கிழித்துக் காலணிக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். ‘அபி லே பாக்தாத்’ என்ற அவருடைய வங்காளி நூல் பல வருஷங்கள் கழித்து வெளிவந்தது. அதிகாரிகள் எழுதிய புத்தகங்கள் ஏராளமாக இருக்க, கீழ்மட்டத்தில் இருந்த இந்தியர் தாமே எழுதியது என்று கையில் எடுக்கக்கூடியவை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. 1917 மார்ச் 11-ல் பாக்தாத் பிடிபட்டது. அந்தப் பாதையில் பாலமும் சாலையும் போட்டவர்களில் நம் சென்னை சாப்பர்களும் இருந்தார்கள். ஆனால் தமிழில் அப்படி ஒரு புத்தகம் என் கண்ணில் படவில்லை.

திரும்பி வந்தவன்

1918 நவம்பர் 11-ல் சண்டை நின்றது. ஆனால் எல்லோருக்கும் வீடு திரும்ப உத்தரவு கிடைக்கவில்லை. 1919-ல் ஆப்கான் யுத்தம், 1920-ல் இராக்கில் கலகம் என்று பலரை நிறுத்திவைத்தார்கள். ஊர் வந்தவனுக்கு என்ன காத்திருந்தது? விஷக்காய்ச்சல் என்று நம் பாட்டிமார் சொன்ன 1918 இன்புளுயன்ஸாவில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டிருந்தார்கள். பிரான்சில் குண்டுக்குத் தப்பியவன், வீட்டில் மனைவியும் குழந்தையும் இல்லாததைக் கண்டான். தானியம், துணி எல்லாம் விலை ஏறிக் கிடந்தன.

சுயாட்சியை நோக்கிப் படிப்படியாகப் போவோம் என்று 1917 ஆகஸ்டில் வாக்களித்த அரசாங்கம், 1919 மார்ச்சில் ரௌலட் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதிகமான சிப்பாய்களைத் தந்த பஞ்சாபில்தான் ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக் நடந்தது. டயரின் உத்தரவுப்படி சுட்ட ஐம்பது பேரும் இந்திய ராணுவச் சிப்பாய்களே. சிப்பாயை நாம் மறந்ததன் முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விடுதலைப் போராட்டத்தின் கதையில் அவனுக்கு இடம் இல்லை. அவன் அன்னியனின் சம்பளம் வாங்கியவன். பிரிட்டிஷாரின் கதையிலோ அவன் வெறும் எண்ணிக்கை. இரண்டு பக்கமும் அவனைத் தங்கள் ஏட்டில் வரவு வைக்கவில்லை.

பெயர் தெரிந்த சிலரின் பிற்கால வாழ்க்கையிலிருந்து மற்றவர்களை ஊகிக்கலாம். கடுவால் படையின் தர்வான் சிங் நேகி 1914 நவம்பரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர். தம் பகுதியில் கர்ணபிரயாகையில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றதாக அங்கே இன்றும் சொல்கிறார்கள். பத்ரிநாத் யாத்திரை செய்த அன்பர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். அதே கடுவாலின் கப்பர் சிங் நேகி நவ் ஷாப்பெல்லில் முதல் நாளே மாண்டார். அவருடைய பதக்கத்தை இளம் மனைவி சதூரி தேவி வாழ்நாள் முழுதும் அணிந்திருந்தாராம். குதாதாத் கான் 1971 வரை இருந்தார். கடைசிக் காலத்தில் அவர் பாகிஸ்தான் பிரஜை. அவர் போரிட்ட ராணுவம் இரண்டாகப் பிரிந்துவிட்டிருந்தது.

பெயர் தெரியாதவன் கதை இதைவிடச் சுருக்கம். ஒரு சிறிய பென்ஷன், அதிர்ஷ்டம் இருந்தால் கால்வாய்ப் பாசனப் பகுதியில் கொஞ்சம் நிலம், மார்பில் ஒன்றிரண்டு மெடல். கை கால் போனவன் மறுபடி ஏர் பிடிக்க முடியவில்லை. திரும்பாதவன் வீட்டில் பெண்கள் காத்திருந்தார்கள். சந்திரதர் சர்மா குலேரி 1915-லேயே எழுதிய ‘உஸ்னே கஹா தா’ என்ற ஹிந்திக் கதையில் அப்படித் திரும்பாத ஒரு சீக்கியச் சிப்பாய் வருகிறான். வடக்கே இருக்கும் நம் குழந்தைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்னிய ஆட்சிக்காகப் போரிட்டவனை எதற்காக நினைக்க வேண்டும் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதித்தார். நியாயமான கேள்விதான். அந்த யுத்தத்தை நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில் நம் முன்னோர்களும் அதே சர்க்காரிடம் குமாஸ்தாவாகவும், டாக்டராகவும், நீதிபதியாகவும் சம்பளம் வாங்கினார்கள். நாம் அவர்களை மறக்கவில்லை, போட்டோ மாட்டியிருக்கிறோம். குடும்பம் காப்பாற்ற உத்தியோகம் பார்த்தார்கள் என்கிறோம். பதினோரு ரூபாய்ச் சிப்பாய்க்கும் அதே நியாயம் பொருந்தும். வித்தியாசம், அவன் உயிரைப் பிணையாக வைத்தான் என்பதுதான்.

நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருப்பதால் ஒன்று செய்யலாம். 1931-ல் திறக்கப்பட்ட டெல்லி இந்தியா கேட்டில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. பேரக் குழந்தைகளுடன் போகிறவர்கள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு அவற்றில் நாலைந்தைப் படித்துக் காட்டலாம். பெங்களூரில் பிரிகேட் ரோடு முனையில் பயனியர் படையினருக்கான ஸ்தூபி இருக்கிறது. கொல்கத்தாவில் கப்பலில் வேலை செய்து மாண்ட 896 லஸ்கர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. சென்னைவாசிகள் கோட்டைக்கும் மெரினாவுக்கும் நடுவே போர் நினைவுச் சின்னத்தைத் தினமும் கடக்கிறார்கள்.

சொந்த ஊர் போகும்போது இன்னொன்றையும் தேடுங்கள். பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ, தாலுகா கச்சேரி வாசலிலோ ஒரு சிறிய சலவைக்கல் இருக்கலாம். இந்த ஊரிலிருந்து 1914-1919 மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று இரண்டு எண்கள் மட்டும் அதில் இருக்கும். பெயர் இருக்காது. அப்படி ஒரு கல்லைக் கண்டால் ஊர்ப் பெரியவர்களிடம் அந்த ஆட்களின் பெயர்களை விசாரியுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.